கடலில் ஒரு முழு நாள்: முதல்முறை குரூஸ் போகிறவர்களுக்கு

சிங்கப்பூரில் கிளம்பி பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டுத் திரும்பும் நான்கு இரவுக் கப்பல்களில், கடைசி நாள் பெரும்பாலும் கரை தொடாமலே போகும். மலாக்கா நீரிணை வழியாகத் தென்கிழக்கே நாள் முழுக்க ஓடி, மறுநாள் காலைதான் சிங்கப்பூர். "அன்னிக்கு என்னதான் செய்யறது?" என்று கிளம்பும் முன்பே பலர் கவலைப்படுகிறார்கள். கப்பல் தரும் நிகழ்ச்சி நிரலில் இரண்டே இரண்டைத் தேர்ந்தெடுங்கள், மீதியை விட்டுவிடுங்கள். பயணத்திலேயே எனக்கு மிகப் பிடித்த நாள் இதுதான்.

1. முந்தின நாள் இரவே போனைச் சரிசெய்யுங்கள்

இதைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள். நடுக்கடலில் டவர் கிடையாது, ஆனால் போனில் சிக்னல் காட்டும். அது கப்பலே செயற்கைக்கோள் வழியாக நடத்தும் நெட்வொர்க். சில போன்களில் பெயருக்குப் பதில் 901 என்று தொடங்கும் எண் தெரியும். மலேசியா, தாய்லாந்துக்கு என்று நீங்கள் போட்ட ரோமிங் பேக் பொதுவாக இதற்குச் செல்லாது. கட்டணம் பல மடங்கு. நீங்கள் தொடாவிட்டாலும், போன் தானாகப் படங்களை மேலேற்றினாலே பில் எகிறும்.

ஏர்பிளேன் மோடைப் போடுங்கள். அப்புறம் வைஃபையை மட்டும் தனியாக ஆன் செய்யுங்கள். இணையப் பேக் வாங்காமலே கப்பலின் செயலி பெரும்பாலான கப்பல்களில் வேலை செய்யும்; நிகழ்ச்சி நிரலுக்கு அது போதும். பேக் வாங்க நான் சொல்லமாட்டேன். ஒரு நாள் இணையம் இல்லாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல இடம் அமையாது.

அடுத்து நேரம். தாய்லாந்து சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. புக்கெட்டில் மாறிய போன் அப்படியே நின்றுவிட்டால் இரவுச் சாப்பாட்டு நேரம் கைநழுவும். தானியங்கி நேரத்தை அணைத்து, கப்பல் அறிவிக்கும் நேரத்தைக் கையால் வையுங்கள்.

(பின்சேர்க்கை: சிம் உள்ள கைக்கடிகாரம், குழந்தைகளின் டேப்லெட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவற்றுக்கும் தனித்தனியாக ஏர்பிளேன் மோடு போட வேண்டும்.)

2. வயிறு

மேற்கே சுமத்ரா, கிழக்கே மலாய்த் தீபகற்பம் என்று இருபுறமும் நிலம் இருப்பதால் இங்கே பெரிய அலை அபூர்வம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலை ஒட்டி மழையோடு பலத்த காற்று வீசலாம். அதிக நேரம் நீடிக்காது. குமட்டும் என்ற பயம் இருந்தால் மருத்துவரைக் கேட்டு அவோமின் என்ற வாந்தித் தடுப்பு மாத்திரையை எடுத்துச் செல்லுங்கள். தூக்கம் வரும், அதனால் இரவில் போடுவதே நல்லது. தலை சுற்றினால் கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்துக்குப் போய் உட்காருங்கள்.

காலை ஒன்பது மணிக்கு பஃபே பக்கம் போகாதீர்கள், கூட்டம் அள்ளும். பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்தால் கேட்டதைக் கொண்டுவந்து வைப்பார்கள்.

3. நாற்காலி எந்தப் பக்கம்?

நீச்சல் குளத்தைச் சுற்றி இடம் பிடிக்கப் போட்டி போட வேண்டாம். கீழே, கப்பலின் பக்கவாட்டில் நடைபாதை போல ஓடும் திறந்த டெக்கைத் தேடுங்கள். கப்பல் தென்கிழக்கே போகிறது. முன்பக்கம் பார்த்து நின்றால் காலை வெயில் இடப்பக்கம் அடிக்கும். அப்போது வலப்பக்கம் நிழல். மதியத்துக்குப் பிறகு இடம் மாறுங்கள், இடப்பக்கம் நிழலாகிவிடும்.

மாலையில் இடப்பக்கம் உட்கார இன்னொரு காரணமும் உண்டு. போர்ட் கிளாங்குக்குத் தெற்கே கப்பல்களுக்குச் சாலை போலவே தனித்தனிப் பாதைகள் வகுத்திருக்கிறார்கள். எல்லோரும் வலப்பக்கமாகச் செல்ல வேண்டும் என்பதால் எதிரே வருபவை நமக்கு இடப்பக்கமாகக் கடக்கும். உலகிலேயே நெரிசல் மிகுந்த கடல்வழிகளில் ஒன்று இது. எண்ணெய்க் கப்பல்களைக் கவனியுங்கள். வளைகுடா நாடுகளில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு சீனா, ஜப்பான் போகிறவை நம்மோடு ஒரே திசையில், நீரில் தாழ்ந்து மிதந்தபடி போகும். இறக்கிவிட்டுத் திரும்புகிறவை எதிரே வரும். உயரமாக மிதப்பதால் அடிப்பகுதியின் சிவப்புப் பூச்சு பளிச்சென்று தெரியும். இதைத் தெரிந்துகொண்டு பார்க்க ஆரம்பித்தால் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது.

பைனாகுலர் வாங்குவதென்றால் ஏழு அல்லது எட்டு மடங்கு போதும். பன்னிரண்டு மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டினாலும் வேண்டாம். கப்பல் அதிர்விலும் கை நடுக்கத்திலும் படம் ஆடிக்கொண்டே இருக்கும்.

சூரிய அஸ்தமனம் சிங்கப்பூர் நேரப்படி ஏழு மணியை ஒட்டி. அதற்கு மட்டும் வலப்பக்கம் போங்கள்.

4. மூட்டை கட்டுதல்

மதியமே செயலியிலோ அறையின் டிவியிலோ உங்கள் பில்லைச் சரிபாருங்கள். தவறு இருந்தால் அப்போதே வரவேற்பு மேசையில் சொல்லிவிடலாம். மறுநாள் காலை அங்கே நீண்ட வரிசை நிற்கும். பெரிய பெட்டிகளை அட்டை கட்டி இரவே அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். பாஸ்போர்ட், மருந்து, மறுநாள் போடும் உடை, செருப்பு எல்லாவற்றையும் கைப்பையில் எடுத்து வைத்த பிறகே பெட்டியை வெளியே தள்ளுங்கள்.