பள்ளி திறப்பதற்குள் பிள்ளைகளோடு கொண்டாட மூன்று நாள்கள்

எங்கள் காவேரிப்பட்டணத்தில் மே பிறந்தால் தெருவெல்லாம் மாம்பழ வாசம்தான். ஆனால் பிள்ளைகளுக்குப் பொழுது போகாது. அதற்கு நாள்காட்டியே வழி சொல்கிறது.

மே 20 உலகத் தேனீ நாள். காலை 8 மணிக்குள் பூத்திருக்கும் புளியமரத்தடிக்குக் கூட்டிப்போங்கள். மஞ்சள் இதழில் சிவப்புக் கோடு ஓடும் பூவைக் கையில் கொடுத்து, மரத்துப் பூவில் தேனீ எங்கே உட்காருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கூட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம்.

ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள், 1973 முதல் கொண்டாடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த நாள். அன்று மரக்கன்று வாங்காதீர்கள், தின்ற மாங்கொட்டையே போதும். கழுவி, நிழலில் ஓரிரு நாள் உலர்த்துங்கள். ஓட்டைப் பிளந்து பருப்பை எடுப்பது பெரியவர்கள் வேலை. நாள்பட்ட கொட்டை முளைக்காது. பால் பாக்கெட்டின் அடியில் துளை போட்டு, செம்மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பி, பருப்பின் உள்வளைந்த பக்கம் கீழே வரும்படி ஓர் அங்குலம் புதையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் செம்பு நிறத் தளிர் எட்டிப் பார்க்கும். தின்ற பழத்தின் அதே ருசி வேண்டுமென்றால் அப்புறம் ஒட்டுக் கட்ட வேண்டும். அதை எங்கள் மாவட்டத்துச் சந்தூர் ஊரின் நாற்றுப்பண்ணைக்காரர்களிடம் கேளுங்கள்.

ஜூன் முதல் வெள்ளி அமெரிக்காவில் டோனட் நாள். டோனட் என்பது எண்ணெயில் பொரிக்கும் வளைய வடிவ இனிப்பு. முதல் உலகப் போரில் வீரர்களுக்கு டோனட் சுட்டுக்கொடுத்த பெண்களின் நினைவாக 1938-இல் சிகாகோவில் தொடங்கியது. சரி, நாம் நம் ஊர் எண்ணெய்ப் பலகாரமான இனிப்புக் கச்சாயம் சுடலாம். முதல் தட்டு, தினமும் குப்பை வாங்க வரும் அக்காவுக்கு.