தாள் துண்டு தீர்த்துவைத்த 'பிக்' குழப்பம்

ஆறாம் வகுப்பு ஆங்கில டிக்டேஷனில் பன்றியைக் குறிக்கும் 'பிக்'கைச் சொன்னால், பாதிப் பேர் பெரியதைக் குறிக்கும் 'பிக்'கை எழுதினார்கள். இதோ, தமிழில் எனக்கே இரண்டையும் வேறுபடுத்தி எழுத வழியில்லை!

முதலில் கார்ட்டூன் வீடியோக்களை புரொஜெக்டரில் போட்டேன். பன்றியைப் பார்த்துச் சிரித்தார்கள், அவ்வளவுதான். அடுத்த டிக்டேஷனில் அதே தவறு.

அப்புறம்தான் உறைத்தது: அவர்கள் பார்க்க வேண்டியது பன்றியை அல்ல, வாயை. டிஷ்யூ தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து, உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டு, இரண்டு சொற்களையும் சொல்லி போனில் ஸ்லோ மோஷனில் எடுத்தேன். முதல் முயற்சியில் தாள் இரண்டுக்குமே அசையவில்லை. தப்பு என் வாயிலும் இருந்தது! நம் 'பல்'லில் வரும் ப-வுக்கு மூச்சு வெடிக்காது. ஆங்கிலத்தில் பன்றிக்கு வெடிக்க வேண்டும். பெரியதன் ஒலி நமக்குப் புதிதே அல்ல, 'கம்பு' என்னும்போது வருவதுதான்.

நாலைந்து தடவை பழகியபின் பன்றிக்குத் தாள் துள்ளியது. அந்த வீடியோவை ஒலியில்லாமல் ஓட்டி, "எந்தச் சொல்?" என்று கேட்டேன். வகுப்பே கத்தியது. பிறகு ஒலியோடு ஓட்டினேன். அதன்பின் ஜோடி ஜோடியாக அவர்களே எடுத்தார்கள். இரண்டு வாரத்தில் டிக்டேஷனில் அந்தத் தவறு அநேகமாக மறைந்தது.

ஒரு மாணவி மட்டும் விடவில்லை. "சார், 'ஸ்பின்'னுக்குத் தாள் ஆடலையே?" சரிதான், 'ஸ்' முன்னால் வந்தால் அந்த மூச்சு அடங்கிவிடும். அதையும் படம் பிடித்தோம்.