இடுப்பு வலிக்கு டென்ஸ் மெஷின்: முதலில் தைலத்தைக் கழுவுங்கள்

சரிவில் நின்று நாள் முழுக்கக் கொழுந்து பறித்தால் இடுப்பு வலிக்கத்தான் செய்யும். பிசியோதெரபிஸ்ட் சொல்லி டென்ஸ் மெஷின் வாங்கிவிட்டு, எப்படிப் போடுவது என்று தயங்கும் கோத்தகிரி, குன்னூர் பக்கத்துக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்த மெஷின் தோல் வழியாகச் சின்னச் சின்ன மின்துடிப்புகளை அனுப்பி, தொடு உணர்வுக்கான நரம்புகளைத் தூண்டுகிறது. அவை வேலை செய்யும்போது வலிச் செய்தி தண்டுவடத்திலேயே மட்டுப்படும் என்று வலியை ஆராய்ந்த மெல்சாக், வால் என்ற இருவரும் 1965-ல் விளக்கினார்கள். அடிபட்ட இடத்தைத் தேய்த்தால் வலி குறைகிறதே, அது போலத்தான். வலி அடங்கும், காரணம் அப்படியே இருக்கும். எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்கும் என்றும் சொல்ல முடியாது.

பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) வைத்தவர்கள் இதைத் தொடவே வேண்டாம். கர்ப்பிணிகள், வலிப்பு நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. இடுப்பு வலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ மெஷினை ஓரமாக வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, தோலிலிருந்து தொடங்குவோம். நம் ஊரில் வலி என்றால் கை முதலில் யூகலிப்டஸ் தைலத்துக்குத்தான் போகும். அந்த எண்ணெய்ப் பசை மேல், மெஷினின் ஒயரோடு சேர்ந்து கரண்ட்டைத் தோலுக்குக் கொடுக்கும் ஒட்டும் பேட் சரியாக ஒட்டாது, ஓரம் கிளம்பிவிடும். பெரும்பாலான மெஷின்கள் பேட் எவ்வளவு ஒட்டியிருந்தாலும் அதே கரண்ட்டைத் தள்ளப் பார்க்கும். முழுப் பேட்டிலும் பரவ வேண்டிய கரண்ட் ஒட்டியிருக்கிற சின்ன இடத்தில் குவியும்போது ஊசி குத்துவது போலச் சுரீரென்று இருக்கும், தோலும் புண்ணாகலாம். அதனால் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகுதான் பேட். தைலம் அன்றைக்கு வேண்டாம்.

மெஷின் ஆஃப்பில் இருக்கும்போதே, வலிக்கிற இடத்தில் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பேட் ஒட்டுங்கள். ஒன்றோடொன்று தொடக் கூடாது. கழுத்தின் முன்பக்கம், நெஞ்சு, தலை, கண் பக்கம் எப்போதும் கூடாது. முழங்காலுக்குப் போடுகிறவர்கள் அட்டை கடித்த புண்ணையும் மரத்துப்போன இடத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

அப்புறம் செட்டிங். 80 முதல் 100 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு அத்தனை துடிப்பு), துடிப்பின் அகலம், அதாவது ஒரு துடிப்பு நீடிக்கும் நேரம், 100 மைக்ரோவிநாடி அளவில் வைத்துத் தொடங்கலாம். பிசியோதெரபிஸ்ட் வேறு அளவு எழுதிக் கொடுத்திருந்தால் அதுவே சரி. கரண்ட்டைப் பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். நன்றாக விறுவிறுவென்று இருக்க வேண்டும், வலிக்கக் கூடாது. தசை துடித்தால் கொஞ்சம் குறையுங்கள். சில நிமிடத்தில் உணர்வு மங்கும். அப்போது ஒரு படி ஏற்றலாம். 20 முதல் 30 நிமிடம் போதும்.

போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது. கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டும்போது நினைத்தே பார்க்காதீர்கள். சார்ஜரில் செருகியபடியும் போடக் கூடாது.

முடிந்ததும் ஆஃப் செய்துவிட்டு, ஒயரை இழுக்காமல் பேட்டின் ஓரத்தைப் பிடித்து உரித்து, அதன் பிளாஸ்டிக் தாளிலேயே ஒட்டி வையுங்கள். ஒட்டும் தன்மை போன பேட்டை மாற்றிவிடுங்கள். தோல் லேசாகச் சிவந்திருந்தால் சீக்கிரம் போய்விடும்; மறுநாளும் சிவப்பு இருந்தாலோ கொப்புளம் வந்தாலோ, பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டும்வரை அந்த இடத்தில் பேட் ஒட்டாதீர்கள்.