வெள்ளம் தொடும் நிலத்தில் புது வீடு: கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை

கோலாலம்பூரைச் சுற்றிப் புதிதாக எழும் தாமான்களின் (குடியிருப்புப் பகுதிகளின்) விற்பனை அலுவலகத்தில் வெள்ளம் பற்றிக் கேட்டால், "நிலத்தை உயர்த்திவிட்டோம், தண்ணீர் ஏறாது" என்பார்கள். உயர்த்தியது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வீட்டுத் தளம் மட்டும் உயர்ந்தால் போதாது. நான்கு மட்டங்களைக் கேளுங்கள்: வீட்டுத் தளம், தாமானுக்குள் வரும் சாலையின் மிகத் தாழ்வான இடம், தாமானின் கால்வாய் ஆற்றில் போய் விழும் வாய், அந்த ஆற்றின் 100 ஆண்டு வெள்ள மட்டம். இவை பொறியாளரின் சாலை, வடிகால் வரைபடங்களில் மீட்டர் கணக்கில் இருக்கும். விற்பனையாளரிடம் இருக்காது, மேம்பாட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். மழுப்பினால் வேறு தாமான் பார்க்கத் தொடங்கலாம்.

தளம் உயரமாக இருந்து சாலை தாழ்ந்திருந்தால், வெள்ள நாளில் வீடு தீவாகிவிடும். உள்ளே காய்ந்திருப்பீர்கள், ஆம்புலன்ஸ் வராது. கால்வாயின் வாய் வெள்ள மட்டத்துக்குக் கீழே இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆறு நிறைந்த நேரத்தில் தாமானின் மழைநீர் வெளியேறாது. ஆற்றுத் தண்ணீரே கால்வாய் வழியாக உள்ளே புகும். அதைத் தடுக்க மடைக்கதவு போடுவார்கள். கதவை மூடியபின் உள்ளே பெய்யும் மழையைப் பம்ப்தான் இறைக்க வேண்டும். ஆகவே பம்ப் எத்தனை, ஒன்று பழுதானால் மாற்று உண்டா, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா, அது தண்ணீர் எட்டாத உயரத்தில் நிற்கிறதா, தாமானை ஒப்படைத்தபின் பராமரிப்பது யார் என்று கேளுங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் வந்த வேகத்தில் வடியவில்லை. கிள்ளான் ஆற்றோரத் தாழ்நிலத்தில் நாள் கணக்கில் நின்றது.

"100 ஆண்டு வெள்ளம்" என்றால் நூறு ஆண்டுக்கு ஒரு தடவைதான் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். எந்த ஆண்டிலும் 100இல் 1 வாய்ப்பு என்பதுதான் பொருள். 35 ஆண்டு வங்கிக் கடன் எடுத்தால், கடன் முடிவதற்குள் ஒரு தடவையாவது அது வர ஏறக்குறைய 30 விழுக்காடு வாய்ப்பு உண்டு. மேல்நிலங்களில் காடு வெட்டிக் கட்டடம் பெருகினால் அந்தக் கணக்கும் பழசாகிவிடும்.

அடுத்தது மண். தாமானின் பேரில் 'லேக்' என்று இருந்தால் அது பழைய ஈயக்குட்டையாக இருக்கலாம். சுரங்கம் விட்டுப்போன சேற்றுமண்ணின் மேல் நிரப்புமண் கொட்டினால் அது பல ஆண்டுகள் அமுங்கிக்கொண்டே இருக்கும். வீடு பைல் மேல், அதாவது ஆழத்தில் இறக்கிய தூண்களின் மேல், நிற்பதால் இறங்காது. கார் நிறுத்துமிடம், வீட்டைச் சுற்றியுள்ள சிமெண்டுத் தரை, கால்வாய் ஆகியவை மண் மேல் கிடப்பதால் இறங்கும். கால்வாய் நடுவில் தொய்ந்தால் சரிவு மாறி, தண்ணீர் ஓடாமல் தேங்கும். கழிவுநீர்க் குழாயின் இணைப்பும் விலகலாம். அதே நிறுவனம் பக்கத்தில் முடித்த பழைய கட்டத்துக்குப் போய், சுவரும் சிமெண்டுத் தரையும் சேரும் இடத்தைப் பாருங்கள். விரல் நுழையும் இடைவெளியைச் சிமெண்டு வைத்துப் பூசி, பூச்சும் மறுபடி பிளந்திருந்தால் மண் இன்னும் இறங்குகிறது. காய்ந்த நாளிலும் கால்வாயில் தண்ணீர் தேங்கி நின்றால் அதுவும் அதே கதைதான்.

உங்கள் கார் நிறுத்துமிடம் சாலையைவிட எவ்வளவு உயரம் என்று நீங்களே அளக்கலாம். ஹார்ட்வேர் கடையில் 10 மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் குழாய் வாங்கி, முக்கால் பாகம் தண்ணீர் நிரப்புங்கள். இரு முனையையும் சேர்த்துப் பிடித்தால் நீர்மட்டம் சமமாக நிற்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறது, தட்டி வெளியேற்றுங்கள். பிறகு ஒருவர் கார் நிறுத்துமிடத்தில், இன்னொருவர் சாலையோரத்தில் முனையைத் தூக்கிப் பிடித்து, நீர்மட்டத்திலிருந்து தரை வரை அளக்க வேண்டும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசமே உயரம். ஒரு சாணுக்குக் குறைந்தால், தண்ணீர் தேங்கிய சாலையில் லோரி போகும்போது எழும் அலையே வாசலுக்கு வந்துவிடும்.

மழைநீரைத் தேக்கி மெல்ல வெளியே விடும் வெள்ளநீர்க் குளத்தையும் விடாதீர்கள். ஓர் ஏக்கரில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 400,000 லிட்டர் தண்ணீர். சிமெண்டு போட்ட நிலம் அதில் பெரும்பகுதியை அப்படியே கால்வாயில் தள்ளும். குளத்தின் நிலம் வடிகாலுக்கென்று அரசிதழில் ஒதுக்கப்பட்டதா என்று நில அலுவலகத்தில் தேடல் செய்து பாருங்கள். ஒதுக்கப்படாத குளம் நாளைக்கு இன்னொரு கொண்டோ ஆகலாம்.

ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில், மாலை மழை விட்ட ஒரு மணி நேரத்துக்குள் இடத்தைப் பாருங்கள். பக்கத்துப் பட்டறையில், மாமாக் கடையில் விசாரியுங்கள். "வெள்ளம் வருமா" என்று கேட்காமல் "தண்ணீர் வடிய எவ்வளவு நேரம் ஆகும்" என்று கேளுங்கள். ஐஸ்பெட்டி செங்கல் மேல் நின்றால் கேட்கவே தேவையில்லை. வடிகால், நீர்ப்பாசனத் துறையான ஜேபிஎஸ்ஸின் 'பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்' இணையத்தளத்தில் பக்கத்து ஆற்றின் நீர்மட்டத்தை மழை நாளில் கவனியுங்கள்.

கொண்டோ என்றால் அடித்தளக் கார் நிறுத்துமிடத்தின் சரிவுப்பாதை சாலையைவிட உயர்ந்து, பிறகு இறங்குகிறதா என்று பாருங்கள். மின் அறையும் பம்ப் அறையும் அடித்தளத்தில் இருந்தால் 20ஆம் மாடிக்காரருக்கும் லிஃப்ட் இல்லை, தண்ணீர் இல்லை.

இத்தனையும் பணம் கட்டும் முன் நடக்கட்டும். விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் மேம்பாட்டு நிறுவனம் புக்கிங் பணம் வாங்க சட்டத்தில் இடமில்லை. கையெழுத்தானதும் வீட்டு விலையில் 10 விழுக்காடு போய்விடும். சாவி வாங்கியபின் கால்வாய் தொய்வு, விரிசல் எல்லாவற்றையும் 24 மாதத்துக்குள் எழுத்தில் புகார் செய்யுங்கள். காப்புறுதியில் கவனம் தேவை: வீட்டுக் கடனுக்கான ஆயுள் காப்புறுதியான எம்ஆர்டிஏ வெள்ளத்துக்கு அல்ல, அடிப்படைத் தீ காப்புறுதியிலும் வெள்ளம் சேராது, தனியாகச் சேர்க்க வேண்டும். வீட்டுச் சாமான்களுக்கும் காருக்கும் வெள்ளப் பாதுகாப்பை அதனதன் பாலிசியில் தனித்தனியே பாருங்கள்.