“சட்டப்படி ஏலாது” என்றால், எந்தச் சட்டம் என்று கண்டுபிடிப்பது எப்படி?

இலங்கையில் பிரதேச செயலகத்திலோ வன இலாகாவிலோ “சட்டப்படி ஏலாது” என்று திருப்பி அனுப்பினால், அந்தச் ‘சட்டம்’ பாராளுமன்றம் இயற்றியதாக இருக்கலாம். அமைச்சர் வர்த்தமானியில் போட்ட ஒழுங்குவிதியாகவும் இருக்கலாம். திணைக்களத் தலைவர் தன் அலுவலர்களுக்கு அனுப்பிய வெறும் சுற்றறிக்கையாகவும் இருக்கலாம். எதுவென்று தெரியாமல் எழுதும் மனு தவறான மேசையில்தான் கிடக்கும்.

முதலில் பெயரின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். ‘கட்டளைச்சட்டம்’ என்று முடிந்தால் அது வெள்ளைக்காரர் காலத்தது. பழசு என்று ஒதுக்கிவிட வேண்டாம், வன்னியில் காணி, காடு, குளம் மூன்றும் இன்றைக்கும் அவற்றின் கீழ்தான் ஓடுகின்றன. பேர்மிற் காணிக்கு, அதாவது அரச அனுமதிப்பத்திரத்தில் கிடைத்த காணிக்கு, 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம் (நாங்கள் எல்.டி.ஓ. என்பது இதைத்தான்), காட்டுக்கு 1907இன் 16ஆம் இலக்கம், பாய்ச்சலுக்கு 1946இன் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டம். இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எடுக்கும் தீர்மானம் வெறும் பேச்சு அல்ல, இந்தக் கடைசிச் சட்டம் அதற்குப் பின்னால் நிற்கிறது.

வெறும் ‘சட்டம்’ என்று முடிவது சுதந்திரத்துக்குப் பிறகு பாராளுமன்றம் இயற்றியது. 2000இன் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டம் போல. ‘நியதிச்சட்டம்’ மாகாண சபையுடையது. ‘துணைவிதி’ பிரதேச சபையுடையது. சந்தை, கட்டாக்காலி மாடு போன்றவை அதில் வரும். ‘சட்டமூலம்’ இன்னும் சட்டமே அல்ல. பாராளுமன்றத்தில் நிறைவேறி, சபாநாயகர் சான்றுரை எழுதினால்தான் சட்டம். அமைச்சரவை அங்கீகரித்த அன்றே “புதிய சட்டம் வந்தது” என்று பத்திரிகைகள் போடுவதை நம்பி அலைய வேண்டாம்.

அடுத்தது இலக்கம். ஆண்டும் இலக்கமும் சேர்ந்தால்தான் முழு அடையாளம். பழைய கடிதங்களில் ‘464ஆம் அத்தியாயம்’ என்று இருந்தால் மிரள வேண்டாம், அதுவும் அதே எல்.டி.ஓ.தான்; தொகுத்து அச்சிட்ட சட்டப் புத்தகத்தில் அதற்குக் கொடுத்த எண் அது. பெரிய பிழை வருவது ‘திருத்தப்பட்டவாறான’ என்ற ஒரு சொல்லைத் தாண்டிப் போகும்போது. எல்.டி.ஓ.வின் மூன்றாம் அட்டவணையில் பின்னுரித்துக்கு (பேர்மிற்காரர் இறந்தபின் காணி யாருக்கு என்பதற்கு) மகன்மார் முன்னும் மகள்மார் பின்னுமாக நின்றார்கள். 2022இன் திருத்தச் சட்டம் அந்த ஆண் முன்னுரிமையை நீக்கியது. பழைய பிரதியைக் காட்டி மகளுக்கு இல்லை என்று யாராவது சொன்னால், திருத்தத்தைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

“கசற் அடிச்சாச்சு” என்று ஊரில் கதை வந்தால் வர்த்தமானியின் இலக்கத்தைக் கேளுங்கள். 2430 என்பது போல ஒரே எண் என்றால் வெள்ளிக்கிழமை வரும் வாராந்த வர்த்தமானி. சாய்கோடு போட்டு இன்னோர் எண் இருந்தால் அதிவிசேட வர்த்தமானி, அது எந்த நாளும் வரும். அந்த 2430ஆம் இலக்கம் 2025 மார்ச் 28 வந்தது. காணி நிர்ணயக் கட்டளைச்சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ், முல்லைத்தீவு, கிளிநொச்சி உட்பட வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு, மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாக்கலாம் என்றது. உயர் நீதிமன்றம் பிறகு இடைக்காலத் தடை விதித்தது. பிரிவு எண்ணைப் பார்த்தவர்களுக்குத்தான் அது காணி எடுப்பு அறிவித்தல் அல்ல, உரிமை கோரச் சொல்லும் அறிவித்தல் என்று விளங்கியிருக்கும். காணி எடுத்தற் சட்டம் (1950இன் 9) வேறு. அதில் 2ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால் காணி போய்விட்டது என்று பொருளல்ல, அளந்து ஆராய உள்ளே வரலாம் என்பது மட்டுமே. 4ஆம் பிரிவு அறிவித்தலில் ஆட்சேபனைக்கான கடைசித் திகதி இருக்கும். 38ஆம் பிரிவின் காப்புவாசகம் (விதிவிலக்கு வாசகம்) (அ) என்று கண்டால் அவசரமாகக் கையேற்கிறார்கள் என்று அர்த்தம், அன்றே சட்டத்தரணியிடம் போங்கள்.

வாசிக்கும்போது வினைமுற்றைக் கவனியுங்கள். ‘செய்தல் வேண்டும்’ என்றால் கட்டாயம், ‘செய்யலாம்’ என்றால் அதிகாரியின் தற்றுணிபு. ‘தவறு’ என்று வருவது சின்னப் பிழை அல்ல, தண்டனைக்குரிய குற்றம். ‘ஆள்’ என்பதில் கம்பனியும் அடங்கும். கடைசிப் பிரிவில், ஒவ்வாமை (தமிழ், சிங்கள உரைகளுக்கிடையே முரண்பாடு) ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும் என்று பெரும்பாலும் இருக்கும். ஆகவே ஒரு சொல்லில் வழக்கே தொங்கினால், சிங்களப் பிரதியையும் எடுத்து, தெரிந்த ஒருவரிடம் அந்த வரியை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இணையத்தில் தேடினால் தமிழ்நாட்டுப் பக்கங்கள்தான் முதலில் வரும். அங்கே அதே சொல்லுக்குப் பொருள் வேறாக இருக்கலாம்: அங்கே உயர் நீதிமன்றம் மாநிலத்துக்குரியது, இங்கே அது நாட்டின் உச்ச மன்றம்.

இனி சுற்றறிக்கை. அரசியலமைப்பின் 170ஆம் உறுப்புரை ‘எழுத்திலான சட்டம்’ என்பதில் நியதிச்சட்டம், கட்டளை, பிரகடனம், விதி, துணைவிதி, ஒழுங்குவிதி எல்லாவற்றையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. சுற்றறிக்கைக்கு அங்கே பெயர் இல்லை. அலுவலரை அது கட்டுப்படுத்தும், ஆனால் சட்டத்தை மீறிப் போக முடியாது. இன்னொரு சுற்றறிக்கையால் மாற்றவும் முடியும். எஞ்சிய காடுகள் பற்றிய 5/2001 அப்படித்தான் 1/2020இனால் நீக்கப்பட்டது.

வாயால் சொன்ன சட்டத்தைத் தாளில் வரவைக்க, 2016இன் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு இப்படி எழுதுங்கள்: “எனது விண்ணப்பம் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின், எந்த ஒழுங்குவிதியின் அல்லது எந்த இலக்க, திகதிய சுற்றறிக்கையின் கீழ் நிராகரிக்கப்பட்டது? அதன் பிரதியைத் தரவும்.” காரணம் சொல்லத் தேவையில்லை. கிடைத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்காமல் வெளியே வராதீர்கள். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். “மேலிடத்துப் பணிப்பு” என்று இலக்கமில்லாமல் பதில் வந்தால், அதையும் பற்றுச்சீட்டையும் இணைத்து 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யுங்கள்.