எக்ஸ்சேஞ்சில் மெயில்பாக்ஸ் நிறைந்துவிட்டதா? கோட்டாவை ஏற்றும் முன் இதைப் பாருங்கள்

காலையில் வந்து உட்காருவதற்குள் போன்: "மெயில் வருது, போகமாட்டேங்குது." உடனே கோட்டாவை, அதாவது அவர் மெயில்பாக்ஸுக்கு வைத்திருக்கும் அளவு வரம்பை, ஏற்றத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சில், 2016, 2019 இரண்டிலும் புது டேட்டாபேஸ் (பலருடைய மெயில்பாக்ஸ்களைச் சேர்த்து வைக்கும் ஃபைல்) உருவாக்கினால் மூன்று வரம்புகள் கூடவே வந்துவிடும். 1.9 ஜிபியில் எச்சரிக்கை, 2 ஜிபியில் அனுப்புவது நிற்கும், 2.3 ஜிபியில் வருவதும் நிற்கும். போன் செய்தவர் இரண்டாவதில் மாட்டியிருக்கிறார். அவருக்கு அனுப்பியவருக்கு 5.2.2 என்ற எண்ணோடு மெயில் திரும்பிப் போகிறதென்றால் மூன்றாவதையும் தாண்டிவிட்டார்.

இப்போது எக்ஸ்சேஞ்சின் நிர்வாகப் பக்கமான அட்மின் சென்டரில் அந்த ஆளின் மெயில்பாக்ஸைத் திறந்து, 'மெயில்பாக்ஸ் யூசேஜ்' பகுதியில் 'மோர் ஆப்ஷன்ஸ்' அழுத்துங்கள். அவர் டேட்டாபேஸின் வரம்பில்தான் இருக்கிறாரா, இல்லை அவருக்கென்று தனி வரம்பு போட்டிருக்கிறதா என்று அங்கே தெரியும். தனி வரம்பு இருந்தால் டேட்டாபேஸில் நீங்கள் எவ்வளவு ஏற்றினாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது. இது தெரியாமல் டேட்டாபேஸ் வரம்பை இரண்டு தடவை ஏற்றிவிட்டு அரை நாள் முழித்திருக்கிறேன். யாரோ எப்போதோ அவருக்குத் தனியாக 1 ஜிபி போட்டு வைத்திருந்தார்கள்.

ஒரே ஒருவருக்குத்தான் பிரச்சினை என்றால் அவருக்கு மட்டும் தனி வரம்பு போடுங்கள். எல்லாருக்கும் ஏற்றுவதானால் சர்வர்ஸ், டேட்டாபேஸஸ், அப்புறம் அந்த டேட்டாபேஸின் லிமிட்ஸ். மாற்றியது உடனே வேலை செய்யாது. மெயில்பாக்ஸ்களைக் கையாளும் ஸ்டோர் சர்வீஸ் பழைய எண்ணை நினைவில் வைத்திருக்கும், இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். அவசரத்தில் இன்ஃபர்மேஷன் ஸ்டோர் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் அந்த சர்வரில் இருக்கிற எல்லாருடைய மெயிலும் நிற்கும், ஒருவருக்காக அது வேண்டாம். அதுவரை டெலிட்டட் ஐட்டம்ஸைக் காலி செய்யச் சொல்லுங்கள், அந்த ஃபோல்டரும் கோட்டாவில்தான் சேரும்.

ஏற்றுவதற்கு முன் டிஸ்க்கைப் பார்த்தீர்களா? 200 பேருக்கு 2 ஜிபியை 5 ஆக்கினால், எல்லாரும் நிரப்பும் நாளில் கூடுதலாக 600 ஜிபி வேண்டும். காலி செய்தால் டிஸ்க்கில் இடம் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். அழித்த மெயில் வழக்கமாக 14 நாள் மீட்பு ஃபோல்டரில் கிடக்கும், பயனரின் கோட்டாவில் சேராது, ஆனால் டிஸ்க்கில் இருக்கும். அதன்பின் போனாலும் டேட்டாபேஸ் ஃபைல் சுருங்காது. உள்ளே காலியிடமாக நின்று, அடுத்து வரும் மெயில்கள் அதில் உட்காரும். ஃபைல் நிஜமாகவே சிறிதாக வேண்டுமென்றால் புது டேட்டாபேஸ் ஒன்று உருவாக்கி மெயில்பாக்ஸ்களை அங்கே மாற்றுங்கள். மாற்றும்போது லாக் ஃபைல்கள் (ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி வைப்பவை) கடகடவென்று பெருகும், வழக்கமாக முழு பேக்கப் ஓடினால்தான் அவை குறையும், அதனால் பேக்கப் ஓடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு இரவில் ஆரம்பிப்பது நல்லது. எல்லாரும் நகர்ந்த பிறகு பழைய டேட்டாபேஸை எக்ஸ்சேஞ்சிலிருந்து எடுத்துவிட்டு, அதன் ஃபைலைக் கையால் அழியுங்கள். எக்ஸ்சேஞ்ச் அதைத் தானாக அழிக்காது.