கிழக்கிந்தியக் கம்பெனிக் காலச் சிப்பாய் ஓவியத்தை எப்படிப் பார்ப்பது?

முதலில் முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், சீருடையெல்லாம் அப்புறம். 1815-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டெல்லியில் கம்பெனி அதிகாரி வில்லியம் ஃபிரேசர் வரைய வைத்த ஆல்பத்தில், ஜேம்ஸ் ஸ்கின்னர் கம்பெனிக்காகத் திரட்டிய குதிரைப்படையில் புதிதாகச் சேர்க்கப்பட்ட கிராமத்து வாலிபர்கள் நிற்பார்கள், ஒவ்வொருவர் முகமும் வேறு, மீசை முடிகூடத் தனித்தனியாகத் தெரியும். அது முகலாய நுண்ணோவியக் கை. காலடியில் விழும் நிழலும் துணி மடிப்பும் ஐரோப்பிய பாணி.

மஞ்சள் கோட்டா? ஸ்கின்னர் படையாக இருக்கலாம். சிவப்பு என்றால் பெரும்பாலும் காலாட்படைச் சிப்பாய்.

ஓரத்தில் பாரசீக எழுத்து இருந்தால் விடாதீர்கள், ஆளின் பெயரே அதில் இருக்கலாம். மூலப்படம் கையில் கிடைத்தால் தாளை வெளிச்சத்துக்கு எதிரே மெதுவாகப் பிடியுங்கள். நீர்க்குறியில், அதாவது தாள் செய்தபோதே அதற்குள் பதிந்த அடையாளத்தில், ஆண்டு தெரிந்தால், விற்பவர் என்ன சொன்னாலும் சரி, படம் அதற்கு முந்தியது அல்ல.